கட்டித் தருவதும் கற்றுத் தருவதும்

2022-இல் பெய்த பேய்மழையிலும் அதைத் தொடர்ந்த வெள்ளத்திலும் பாகிஸ்தானில் 1,700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 3 கோடியே 30 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். சுமார் 20 லட்சம் வீடுகள் இடிந்தன அல்லது சேதமடைந்தன. பெரும்பகுதி சிந்து மாகாணத்தில். உலகம் காற்றில் கலக்கும் பசுங்குடில் வாயுக்களில் அந்த நாட்டின் பங்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்பதை நினைத்தால் இந்த இழப்பின் அநியாயம் புரியும். இப்படியோர் அழிவுக்குப் பிறகு அரசுகளும் தொண்டு நிறுவனங்களும் கேட்கும் கேள்விகள் எங்கும் ஒன்றுதான்: எத்தனை வீடு வேண்டும், எவ்வளவு பணம் ஆகும், அதை யார் தருவார்கள்? கராச்சியைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் யாஸ்மின் லாரி இதற்கு முன்னால் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது என்கிறார். தன் வீட்டைத் தானே எழுப்பத் தெரிந்தவர்கள் அந்த ஊரில் எத்தனை பேர்? இருபது ஆண்டுகளாக அவர் செய்துவரும் வேலை முழுவதும் இந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. நீடித்து நிற்கும் சமூகக் கட்டடக்கலை என்று இன்று கருத்தரங்குகளில் அதிகம் பேசப்படுகிறது. பேச்சு பெரும்பாலும் பொருளைப் பற்றியதாகவே இருக்கிறது: சிமென்டா மூங்கிலா, கான்கிரீட்டா களிமண்ணா. லாரியின் வாழ்க்கைப் பணியைக் கூர்ந்து பார்த்தால், பொருளைவிட முக்கியமாக ஒன்று தெரிகிறது. கட்டும் அறிவு யார் கையில் தங்குகிறது என்பதே அது. அறிவு நிபுணரோடு ஊரைவிட்டுப் போய்விட்டால், எவ்வளவு பசுமையான பொருளால் கட்டியிருந்தாலும் அடுத்த வெள்ளத்தில் அந்த ஊர் மறுபடியும் கையேந்தித்தான் நிற்கும்.

இந்த முடிவுக்கு அவர் வந்து சேர்ந்த வழி நேரானது இல்லை. 1941-இல் தேரா காஜி கானில் பிறந்தவர். தந்தை ஐ.சி.எஸ். அதிகாரி, லாகூர் போன்ற நகரங்களின் வளர்ச்சிப் பணிகளில் ஈடுபட்டவர். வீட்டில் நகரமைப்பு பற்றிய பேச்சு இருந்ததே தவிர, ஒரு பெண் அந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்மாதிரி யாரும் இல்லை. பதினைந்து வயதில் குடும்பத்தோடு லண்டன் சென்றவர், கட்டடக்கலைப் படிப்புக்கு ஓவியப் பயிற்சி போதாது என்ற நிலையில் இரண்டு ஆண்டுகள் கலை பயின்றுவிட்டு, பிறகு ஆக்ஸ்போர்டிலிருந்த கட்டடக்கலைப் பள்ளியில் சேர்ந்தார். 1964-இல் கணவர் சுஹைல் ஜாகீர் லாரியோடு நாடு திரும்பி, கராச்சியில் சொந்த அலுவலகம் தொடங்கினார். பாகிஸ்தானின் முதல் பெண் கட்டடக் கலைஞர் என்று அவரைச் சொல்வார்கள். 1969-இல் பிரிட்டிஷ் அரச கட்டடக் கலைஞர் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. பின்னாளில் பாகிஸ்தான் கட்டடக் கலைஞர் கழகத்துக்கு முதல் பெண் தலைவரும் ஆனார். மேல்நாட்டுப் படிப்பு, அதிகாரி வீட்டுப் பெண் என்ற தகுதி, தலைநகர அளவிலான வாடிக்கையாளர்கள் ஆகிய மூன்றும் அவரிடம் இருந்தன.

ஆனால் அந்த முதல் காலத்திலேயே, பிற்காலத்துக்கு வித்தாக அமைந்த ஒரு வேலை உண்டு. 1970-களின் முற்பகுதியில், சுல்ஃபிகர் அலி புட்டோவின் ஆட்சியில், லாகூரில் ஏழைகளுக்கான அங்கூரி பாக் குடியிருப்பை வடிவமைக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அங்கே குடிவர இருந்த பெண்களிடம் அவர் பேசினார். அவர்கள் கேட்டது முகப்பின் அழகைப் பற்றியோ அறையின் அளவைப் பற்றியோ இல்லை. கோழிகளை எங்கே வைப்பது, பிள்ளைகள் எங்கே விளையாடுவது என்பதுதான் அவர்கள் கவலை. அடுக்குமாடிப் பெட்டிகளுக்குப் பதிலாக, பூசாத செங்கல் சுவர்களும் ஒவ்வொரு வீட்டுக்கும் திறந்த மொட்டைமாடியும் கொண்ட, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிப்படியாக உயரும் குடியிருப்பு அங்கே உருவானது. மாடியில் கோழி வளர்க்கலாம், கீரை போடலாம், வெயிலில் உட்காரலாம். கோழி என்பது அந்தக் குடும்பத்தின் சிறு வருமானம். முட்டை பிள்ளைகளின் உணவு. அதற்கு இடம் விடாத வீடு, வரைபடத்தில் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், குடியிருப்பவரின் வருமானத்தில் ஒரு பங்கைப் பறித்துக்கொள்கிறது. ஏழைகளுக்கான குடியிருப்புத் திட்டங்கள் பல நாடுகளில் தோற்றுப்போனதற்கு இந்த அக்கறையின்மை ஒரு பெரிய காரணம்.

பணமும் பெயரும் தந்த வேலைகள் வேறு திசையில் போயின. கராச்சியின் தாஜ் மகால் ஹோட்டல், 1989-இல் முடிந்த நிதி வணிக மையம், அடுத்து பாகிஸ்தான் அரசு எண்ணெய் நிறுவனத்தின் தலைமையகம் என்று கான்கிரீட்டும் கண்ணாடியும் எஃகும் கொண்ட பெரிய கட்டடங்கள் அவர் கையால் எழுந்தன. 1980-இல் கணவரோடு சேர்ந்து பாகிஸ்தான் பாரம்பரிய அறக்கட்டளையைத் தொடங்கியிருந்தார். பழைய கட்டடங்களை ஆவணப்படுத்துவதும் காப்பதும் அதன் வேலை. 2000-இல் வணிகத் தொழிலிலிருந்து முற்றாக விலகி, இனி எழுத்தும் பாரம்பரியப் பாதுகாப்பும் போதும் என்று முடிவெடுத்தார். முன்பு கட்டிய பெரிய கட்டடங்களுக்குப் பரிகாரம்போலத்தான் இப்போதைய வேலையைக் கருதுவதாக அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் என் கணிப்பில் பழைய கட்டடங்களைக் காக்கும் அந்த இடைக்காலம் வெறும் ஓய்வாக இருக்கவில்லை. லாகூர் கோட்டையிலும் தட்டாவுக்கு அருகிலுள்ள மக்லி கல்லறை வளாகத்திலும் பல நூற்றாண்டுகள் நின்ற சுவர்களைப் பழுதுபார்க்கும்போதுதான் சுண்ணாம்பின் குணத்தை அவர் நெருங்கி அறிந்தார். பள்ளியில் படித்ததைவிட அந்தச் சுவர்கள் கற்றுக்கொடுத்தவையே பின்னால் வெள்ளப் பகுதிகளில் கைகொடுத்தன.

2005 அக்டோபர் 8 அன்று வடக்கே 7.6 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. 70,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர், லட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். அறுபத்து நான்கு வயதில் லாரி மான்சேராவை அடுத்த சிரன் பள்ளத்தாக்குக்குப் போனார். மலைக் கிராமங்களுக்கு சிமென்ட் மூட்டையையும் இரும்புக் கம்பியையும் ஏற்றிச் செல்வது கடினம். செலவு அதைவிடக் கடினம். இடிந்த வீட்டின் கல்லும் மரமுமோ காலடியிலேயே கிடந்தன. அந்தக் கல், மரம், மண், சுண்ணாம்பு ஆகியவற்றைக் கொண்டு வீட்டுக்காரர்களே கட்டக்கூடிய ஒரு முறையை அவர் வகுத்தார். அந்த மலைகளில் குறுக்குச் சட்டங்கள் கொண்ட மரக்கூட்டில் சிறு கல்லையும் மண்ணையும் நிரப்பும் டஜ்ஜி என்ற பழைய முறை ஒன்று உண்டு. பூமி குலுங்கும்போது கனமான சுவர் மொத்தமாகச் சரியும். இந்தச் சுவர் அங்கங்கே விரிசல் விட்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், ஆளைக் கொல்லாது. மறுகட்டுமானத்துக்காக அரசு அமைத்த ஆணையம் தொடக்கத்தில் கான்கிரீட்டையே நம்பியது. பிறகு டஜ்ஜியையும் உதவித்தொகைக்குத் தகுதியான முறையாக ஏற்றுக்கொண்டது. பெரிய பொறியியல் அமைப்பு ஒன்று, கிராமத்துத் தச்சருக்குத் தெரிந்த உண்மையை அங்கீகரித்த அரிய தருணம் அது.

ஐந்தாண்டுகள் கழித்து 2010-இல் வெள்ளம் வந்தது. நாட்டின் ஐந்தில் ஒரு பங்கு நிலம் மூழ்கி, சுமார் 2 கோடி பேர் பாதிக்கப்பட்டார்கள். 2011-லும் சிந்துப் பகுதி மறுபடி நீரில் நின்றது. அங்கே சிக்கல் வேறு. கிராமத்து வீடுகள் தாழ்வான தரையில், வெறும் மண்ணால் கட்டப்பட்டவை. நீர் நின்றால் சுவர் கரைந்து உட்காரும். மண் கெட்ட பொருள் என்று இதிலிருந்து பலர் முடிவுகட்டுகிறார்கள். லாரி கண்ட தீர்வு மண்ணைக் கைவிடுவதாக இல்லை; அதோடு சுண்ணாம்பைச் சேர்ப்பதாக இருந்தது. களிமண்ணில் இருக்கும் சிலிக்காவோடும் அலுமினாவோடும் நீற்றிய சுண்ணாம்பு மெல்ல வினைபுரிந்து, நீரில் கரையாத பிணைப்பை உண்டாக்குகிறது. சுவரும் பூச்சும் நாளாக ஆக இறுகும். சுண்ணாம்புக் காளவாய்க்குச் சுமார் 900 டிகிரி வெப்பம் போதும். சிமென்ட் உலைக்கு 1,450 டிகிரி வேண்டும். சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போதும் கரியமில வாயு வெளியேறுகிறது என்பது மெய்தான். ஆனால் பூச்சு இறுகும்போது அதில் ஒரு பகுதியைக் காற்றிலிருந்து அதுவே திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. ஒரு சிறு வீட்டுக்குத் தேவைப்படும் அளவும் கொஞ்சம்தான். உலகின் மொத்தக் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏழெட்டு விழுக்காடு சிமென்ட் தொழிலிலிருந்து வருகிறது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சுவரைத் தாங்கும் எலும்புக்கூட்டுக்கு அவர் தேர்ந்தது மூங்கில். மரம் முற்றப் பல பத்தாண்டுகள் ஆகும். மூங்கில் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளில் வெட்டுக்குத் தயாராகும். எடை குறைவு, வளைந்து கொடுக்கும், ஆணும் பெண்ணும் கிரேன் இல்லாமல் தூக்கலாம். குறுக்கு மூங்கில்களால் பிணைத்த சட்டங்களைக் கராச்சியின் என்.இ.டி. பல்கலைக்கழகத்தில் நிலநடுக்க மேடையில் வைத்தும் சோதித்தார்கள். இதன் எளிய வடிவம் எட்டுப் பக்கச் சிறு வீடு. எட்டு மூங்கில் சட்டங்களை முன்கூட்டியே பட்டறையில் செய்து, ஓரிடத்தில் கொண்டுவந்து கட்டி, மேலே குடைபோல் கூரை ஏற்றிவிட்டால் பாய் போர்த்தி அன்றே குடியேறலாம். வெள்ளம் வடிந்த பின் அதே சட்டத்தின்மேல் மண்ணும் சுண்ணாம்பும் பூசினால் அது நிலையான வீடாகிவிடும். நிவாரணக் கூடாரம் ஒன்று, தற்காலிகக் கொட்டகை ஒன்று, பிறகு வீடு ஒன்று என்று ஒரே குடும்பத்துக்கு மூன்று முறை செலவழிக்கும் வழக்கத்தை இது வெட்டுகிறது. 2022 வெள்ளத்துக்குப் பிந்தைய நாட்களில் இப்படியொரு வீட்டின் செலவு சுமார் 25,000 பாகிஸ்தான் ரூபாய் என்று கணக்கிடப்பட்டது. மேடான தளத்தில் கட்டியிருந்த அவருடைய முந்தைய வீடுகளில் பல அந்த வெள்ளத்தைத் தாங்கி நின்றன.

வீட்டைவிட அடுப்புதான் அவர் கருத்துக்குச் சிறந்த சான்று என்பேன். சிந்துக் கிராமங்களில் பெண்கள் தரையில் மூன்று கல் வைத்து, குந்தியிருந்து, புகையில் சமைப்பார்கள். உலகெங்கும் வீட்டுக்குள் எழும் புகையால் 2020-இல் மட்டும் 32 லட்சம் பேர் அகால மரணமடைந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. தரையடுப்பு வெள்ளத்தில் முதலில் போகும். அதன் பக்கத்தில்தான் நாயும் கோழியும் திரியும், குழந்தை தவழும். லாரி வடிவமைத்த பாகிஸ்தான் சூலா என்ற அடுப்பு, மண்ணும் சுண்ணாம்பும் சேர்ந்த உயரமான திண்ணைமேல் அமைந்தது. இரண்டு வாய், ஒரு புகைபோக்கி, கை கழுவ ஓர் இடம். விறகுச் செலவு பாதியளவாகக் குறைந்தது. சுள்ளி, சாண எரு, மரத்தூள் கட்டி எதையும் எரிக்கலாம். இவ்வளவும் பொறியியல். அது பரவிய முறைதான் முக்கியம். அடுப்புக் கட்டக் கற்ற கிராமத்துப் பெண்கள், சில இடங்களில் கணவரோடு சேர்ந்து, பக்கத்து ஊர்களுக்குப் போய் மற்ற பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அடுப்புக்கு இவ்வளவு என்று ஒரு சிறு கூலி வாங்கினார்கள். மண்ணும் உழைப்பும் வீட்டுக்காரி பொறுப்பு. 2018-இல் இந்தப் பணிக்கு உலக வாழிட விருது கிடைத்தபோது 60,000 அடுப்புகளுக்கு மேல் கட்டப்பட்டிருந்தன. அத்தனை அடுப்புகளையும் ஓர் அலுவலகம் கட்டித்தர முயன்றிருந்தால் எத்தனை சரக்கு வண்டியும் எத்தனை மேற்பார்வையாளரும் தேவைப்பட்டிருக்கும்! பெண்கள் தங்கள் அடுப்பைத் தங்களுக்குப் பிடித்தபடி வண்ணமும் பூவேலையுமாக அலங்கரிக்கவும் செய்தார்கள். தானம் வாங்கிய பொருளுக்கு யாரும் கோலம் போடுவதில்லை. குந்தியிருந்தவள் திண்ணைமேல் நிமிர்ந்து உட்கார்ந்து சமைக்கிறாள் என்பதை லாரி ஒரு கண்ணியத்தின் கேள்வியாகவே பார்த்தார். கிராமத்தில் அவள் இருக்கை உயர்ந்தது என்று அவர் சொல்வதில் மிகையில்லை.

மக்லியில் இதே முறையை இன்னும் விரிவாகக் காணலாம். கல்லறை வளாகத்துக்கு வரும் பயணிகளிடம் பிச்சையெடுத்துப் பிழைத்த குடும்பங்கள் சுற்றுவட்டாரத்தில் இருந்தன. அங்கே பெரிய மூங்கில் கூடம் ஒன்றைக் கட்டிப் பயிற்சிக்களமாக்கி, சுடுமண் ஓடு செய்யவும், பளபளக்கும் காஷி வேலைப்பாடு செய்யவும், மூங்கில் சட்டம் கட்டவும் அவர்களுக்குக் கற்றுத்தந்தார்கள். கராச்சியின் பழைய நகரப் பகுதியில் டென்சோ ஹால் அருகே வாகனம் நுழையாத நடைவீதி ஒன்றை லாரி அமைத்தபோது, தரையில் பதித்த சுடுமண் ஓடுகள் மக்லியில் செய்தவை. கான்கிரீட் மூடிய தெருவில் மழைநீர் ஓட இடமில்லாமல் தேங்கும். இந்த ஓடுகளின் இடைவெளி வழியே நீர் மண்ணுக்குள் இறங்கும். நகரத்தின் வெள்ளப் பிரச்சினைக்கு ஒரு சிறு தீர்வும், கிராமத்தின் வேலையின்மைக்கு ஒரு சிறு தீர்வும் ஒரே ஓட்டில் சந்திக்கின்றன. கரியமிலம் இல்லை, கழிவு இல்லை, கொடையாளி இல்லை, அதன் வழியே வறுமையும் இல்லை என்ற நான்கு பூச்சியங்களைத் தன் இலக்காக அவர் சொல்வதுண்டு. முதல் இரண்டை எந்தப் பசுமைக் கட்டட நிறுவனமும் சொல்லும். மூன்றாவதைச் சொல்லத் துணிவு வேண்டும். கொடை வருவது நின்றாலும் வேலை நடக்க வேண்டுமென்றால், அறிவும் பொருளும் ஊருக்குள்ளேயே கிடைக்க வேண்டும்.

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு. அவற்றை லேசாகத் தள்ளிவிட முடியாது. முதலாவது, மக்களே எழுப்பும் கேள்வி. ஏழைக்கு மட்டும் ஏன் மண்ணும் மூங்கிலும்? நகரத்தில் வசதியானவன் கான்கிரீட்டில் வாழ, கிராமத்து ஏழை மட்டும் பூமியைக் காப்பாற்ற வேண்டுமா? செங்கல் வீடு என்பது இந்தத் துணைக்கண்டத்தில் வெறும் வீடில்லை. தலைநிமிர்வு, பெண் கொடுக்கவும் எடுக்கவும் வரும் மதிப்பு. இந்த ஆசையை அறியாமை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டும். ஏழைக்குக் கிடைக்கும் கான்கிரீட் வீடு, வசதியானவனின் கான்கிரீட் வீடு இல்லை. கம்பியைக் குறைத்து, சிமென்டைக் குறைத்து, ஒப்பந்தக்காரர் அவசரத்தில் எழுப்பிய வீடு அது. 2005 நிலநடுக்கத்தில் பள்ளிக்கூடங்கள் உட்பட அப்படிப்பட்ட கட்டடங்கள் உள்ளிருந்தவர்கள் மேலேயே சரிந்தன. கோடையில் 45 டிகிரியைத் தாண்டும் சிந்துவில், மெல்லிய கான்கிரீட் கூரையின் கீழ் பகலில் இருக்க முடியாது. கனமான மண்சுவர் வெப்பத்தைத் தாமதப்படுத்துகிறது. மூங்கில் உளுத்துப்போகுமே என்பார்கள். பதப்படுத்தாமல் ஈரத்தில் விட்டால் உளுக்கத்தான் செய்யும். பதப்படுத்தி, தரையீரம் படாமல் மேடையில் நிறுத்தி, கூரை நீட்டி, பூச்சு பூசினால் நிற்கும். ஒரு சட்டம் பழுதானால் அந்த ஒன்றை மட்டும் வீட்டுக்காரரே மாற்றலாம். இருந்தும் மதிப்புப் பற்றிய கேள்வி மிச்சமிருக்கிறது. வசதி படைத்தவர்கள் மண்ணிலும் சுண்ணாம்பிலும் கட்டத் தொடங்கும்வரை ஏழையிடம் அதைப் புகழ்ந்து பேச நமக்கு முழு உரிமை வராது.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கனமானது. நீயே கற்றுக்கொள், நீயே கட்டு என்று எல்லாம் இழந்த குடும்பத்திடம் சொல்வது, அரசு தன் கடமையிலிருந்து நழுவ வழி செய்யாதா? சிந்து அரசு 2022-க்குப் பிறகு உலக வங்கி உதவியோடு தொடங்கிய வீட்டுத் திட்டத்தின் இலக்கு 21 லட்சம் வீடுகள். வீடொன்றுக்கு 3 லட்சம் பாகிஸ்தான் ரூபாய், தவணைகளாக நேரே குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கு. வீட்டு மனையின் உரிமையைப் பெண்களின் பெயரில் தருவதாகவும் அறிவித்தார்கள். இது ஓர் அறக்கட்டளையால் செய்ய இயலாத காரியம். பண்ணையாரின் நிலத்தில் வாரத்துக்கு உழுது, அவர் சொன்னால் வெளியேற வேண்டிய நிலையில் இருக்கும் சிந்துக் குடியானவருக்கு, எந்தப் பொருளால் கட்டினாலும் வீடு நிலையானதில்லை. மனையுரிமை வந்தால்தான் நிலைக்கும். இந்த இடத்தில் லாரியின் முறைக்கு எல்லை இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். பிரித்து எடுத்துச் செல்லக்கூடிய மூங்கில் வீடு, துரத்தப்படும் குடும்பத்துக்கு ஆறுதல்தான். துரத்தப்படாமல் இருக்கும் உரிமைக்கு அது ஈடாகாது. அதேபோல, 2022 வெள்ளத்துக்குப் பின் அவர் அறிவித்த பத்து லட்சம் வீடுகள் என்ற இலக்கை ஒரு சிறு அறக்கட்டளையின் தோளில் ஏற்றுவதும் நியாயமில்லை.

ஆனால் பணத்தையும் நிலத்தையும் தர வேண்டியது அரசு என்பதால், அறிவைத் தருவது தேவையற்றதாகிவிடாது. 21 லட்சம் வீட்டுக்கு 3 லட்சம் ரூபாய் என்றால் 63,000 கோடி. அந்தப் பணம் குடும்பத்தின் கைக்கு வந்ததும் எங்கே போகிறது? செங்கல் சூளைக்கும் சிமென்ட் ஆலைக்கும் இரும்புக் கடைக்கும் பக்கத்து நகரத்துக் கொத்தனாருக்கும். ஊரிலேயே மூங்கில் சட்டம் கட்டுபவரும் சுண்ணாம்பு நீற்றுபவரும் ஓடு செய்பவரும் இருந்தால், அதில் பெரும்பங்கு அந்த ஊருக்குள்ளேயே கூலியாகச் சுற்றும். அரசின் உதவிக்கும் ஊரின் அறிவுக்கும் பகையில்லை. உதவித்தொகை எவ்வளவு என்று முடிவுசெய்யும் மேசையிலேயே, பயிற்சிக்கு எவ்வளவு என்பதும் முடிவாக வேண்டும். தானே எழுப்பிய வீட்டில் விரிசல் விட்டால் எப்படிச் சரிசெய்வது என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரியும். ஒப்பந்தக்காரர் எழுப்பிய வீட்டில் விரிசல் விட்டால் மனு எழுதத்தான் தெரியும்.

லாரியைப் பற்றி இன்னொரு குறையும் சொல்லப்படுகிறது: வசதியான குடும்பம், வெளிநாட்டுப் படிப்பு, பெரிய கட்டடங்களில் ஈட்டிய வருமானம் எல்லாம் இருந்ததால்தானே அறுபது வயதுக்குமேல் இப்படி ஒரு வேலையில் இறங்க முடிந்தது? கடன் வாங்கிப் படித்த இளம் கட்டடக் கலைஞரால் முடியுமா? முடியாதுதான். ஆனால் இது அவருடைய முறைக்கு எதிரான வாதமாகாது; தொழிலின் அமைப்பு மீதான குற்றச்சாட்டு. கட்டடச் செலவில் இத்தனை விழுக்காடு என்று கட்டணம் வாங்கும் தொழிலில், 25,000 ரூபாய் வீட்டை வடிவமைப்பவர் எப்படிப் பிழைப்பார்? செலவு கூடக்கூட வருமானம் கூடும் ஏற்பாட்டில் சிக்கனமாக யோசிப்பவரே தண்டிக்கப்படுகிறார். கிராமங்களுக்குப் பொது மருத்துவரை அரசு சம்பளம் கொடுத்து அனுப்புவதைப்போல, வட்டாரத்துக்கு ஒரு பொதுக் கட்டடக் கலைஞரை வைத்தால், இந்த வேலைக்குப் புரவலர்கள் தேவைப்படமாட்டார்கள்.

லாரி ஒரு பெண் என்பது இந்தப் பணிக்கு எந்த அளவுக்குக் காரணம்? பெண்களுக்கு இயல்பாகவே கருணை அதிகம் என்பதுபோன்ற விளக்கங்கள் அவருடைய அறிவுழைப்பைச் சிறுமைப்படுத்துகின்றன. சுண்ணாம்பின் வேதியியலும் மூங்கில் சட்டத்தின் பிணைப்பும் கருணையால் கைவந்தவை இல்லை. வேறொரு காரணம் இருக்கிறது, அது எளிமையானது: சிந்துக் கிராமத்து வீட்டின் உள்முற்றத்துக்குள் அந்நிய ஆண் நுழைய முடியாது. கணக்கெடுக்க வரும் ஆண் பொறியாளர் திண்ணையில் உட்கார்ந்து குடும்பத் தலைவரிடம் அறை எத்தனை வேண்டும் என்று கேட்டுப் போவார். அடுப்பு எங்கே இருக்கிறது, தண்ணீர் எத்தனை தூரம், கழிப்பிடமில்லாத பெண்கள் இருட்டும்வரை எப்படிக் காத்திருக்கிறார்கள் என்பது அவர் குறிப்பேட்டில் ஏறாது. லாரியால் உள்ளே போக முடிந்தது, கேட்டார், அதனால் வீட்டுக்கு முன்னால் அடுப்பும் கழிப்பிடமும் கைக்குழாயும் அவர் பட்டியலில் வந்தன. இது தகவல் பற்றிய விஷயம். பாதி மக்களிடம் கேட்காமல் வரைந்த எந்தத் திட்டமும் பாதித் தகவலோடு வரைந்ததுதான். கட்டடக்கலைத் தொழிலில் பெண்கள் நிலைத்து நிற்கவேண்டும் என்பதற்குச் சமத்துவத்தோடு இந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொல்லலாம்.

தொழில் உலகம் தாமதமாகத்தான் இதைக் கவனித்தது. 2020-இல் ஜேன் ட்ரூ பரிசு, 2023-இல் பிரிட்டிஷ் அரச கட்டடக் கலைஞர் கழகத்தின் தங்கப் பதக்கம் என்று எண்பது வயதை ஒட்டித்தான் பெரிய கௌரவங்கள் வந்தன. 2025-இல் இஸ்ரேலின் வுல்ஃப் பரிசுக்குத் தேர்வானபோது, காசாவில் நடப்பதைக் காரணம் காட்டி அதை ஏற்க மறுத்தார். அதன் தொகை ஒரு லட்சம் டாலர். விருதுகள் தனி மனிதர்களைப் போற்றும். ஆனால் இங்கே போற்ற வேண்டியது ஒரு முறை. அது பாடத்திட்டத்தில் ஏறாவிட்டால் லாரியோடு முடிந்துபோகும். இன்றும் நம் கண்டத்தின் பெரும்பாலான கட்டடக்கலைக் கல்லூரிகளில் மாணவர்கள் விமான நிலையத்தையும் அருங்காட்சியகத்தையும் வரைந்து பட்டம் பெறுகிறார்கள். சுண்ணாம்பு நீற்றத் தெரியாமல், மூங்கில் பதப்படுத்தத் தெரியாமல், ஒரு குடும்பத்திடம் எப்படிப் பேசிக் கேட்பது என்று தெரியாமல் வெளியே வருகிறார்கள்.

வெள்ளமும் புயலும் இனி அடிக்கடி வரும் என்று வானிலை அறிவியல் நமக்குச் சொல்லிவிட்டது. அடுத்த மறுவாழ்வுத் திட்டம் எங்கே அறிவிக்கப்பட்டாலும், வீடுகளின் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ளாமல் இன்னும் இரண்டு விவரங்களைக் கேளுங்கள்: ஒதுக்கிய பணத்தில் உள்ளூர்க்காரர்களின் பயிற்சிக்கு எவ்வளவு, வரைபடம் வரையுமுன் அந்த ஊர்ப் பெண்களிடம் யார் போய்ப் பேசினார்கள். பதில் இல்லையென்றால், பதில் வரும்வரை விடாமல் கேளுங்கள்.